அக்காவும் 384 பசங்களும்

போன மாதம் எங்கள் அக்கா டாக்டர் ஆகிவிட்டாள். செய்தி தெருவுக்குள் பரவிய அரை மணி நேரத்தில் எதிர்வீட்டுத் தாத்தா முழங்காலைத் தடவிக்கொண்டே வாசலில் வந்து நின்றார்.

"படி ஏறினா 'கடக் கடக்'னு சத்தம் கேக்குதும்மா. என்ன மாத்திரை போடலாம்?"

"நான் அந்த டாக்டர் இல்லை தாத்தா. கல்வியியல்ல டாக்டர்."

தாத்தா ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்போ முழங்காலுக்குப் பார்க்க மாட்டியா?"

"மாட்டேன்."

"பின்னே எதுக்கும்மா இத்தனை வருஷம் படிச்சே?"

அக்கா சிரித்துவிட்டு அவருக்குக் காபி கொடுத்து அனுப்பி வைத்தாள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நியாயமான கேள்விதானே ஸார்? ஆகவே இந்த வாரம் தாத்தாவுக்கு நான் பதில் சொல்கிறேன்.

எனக்கு அந்தத் தகுதி உண்டு. அக்காவின் பட்டத்துக்கு ஜெராக்ஸ் எடுத்தது நான். ஸ்டேப்ளர் அடித்தது நான். அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நாற்பது கிலோமீட்டர் போனது நான். ஒரு கட்டத்தில் அந்தப் பட்டத்துக்கே வேட்டு வைக்கப் பார்த்ததும் நான்தான். அதைப் பிற்பாடு சொல்கிறேன். கொஞ்சம் தைரியம் வர வேண்டும்.

* * *

பி.ஹெச்டி. என்றால் தாடி வளர்த்துக்கொண்டு லைப்ரரி ஃபேனுக்குக் கீழே தூங்குவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அக்கா சேர்ந்தபோதுதான் தெரிந்தது, நம் ஆபீஸ் வேலையில் சேருவதை விட இதில் சடங்குகள் அதிகம் என்று.

அக்கா அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். எம்.எஸ்ஸி., பி.எட்., எம்.எட். கல்வியியலில் பி.ஹெச்டி. செய்ய முதுகலையில் 55 சதவிகிதம் வேண்டும். 54.9 என்றால் 'அடடா' என்று உச்சுக் கொட்டி அனுப்பி விடுவார்கள். (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் 5 சதவிகிதம் சலுகை உண்டு.) அக்காவிடம் மார்க் இருந்தது. அடுத்து நுழைவுத் தேர்வு. பாதிக் கேள்விகள் ஆராய்ச்சி முறைகளில், மீதிப் பாதி சப்ஜெக்ட்டில். ஐம்பது சதவிகிதம் வாங்கினால்தான் இன்டர்வியூவுக்கே கூப்பிடுவார்கள்.

2019-ல் தேர்வு எழுதப் போனபோது அக்காவுக்கு வயது 38. ஹாலுக்குள் நுழைந்ததும் முன் பெஞ்சிலிருந்து ஒருத்தன் சடாரென்று எழுந்து நின்றான். பழைய பத்தாம் வகுப்பு மாணவன்.

"மிஸ்! நீங்கதான் சூப்பர்வைஸரா?"

"இல்லப்பா. நான் உனக்குப் போட்டி. உட்காரு."

தேர்வில் பாஸ் செய்தால் அடுத்த வேலை கைடு பிடிப்பது. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு பேருக்குத்தான் கைடாக இருக்கலாம். இணைப் பேராசிரியர் என்றால் ஆறு, உதவிப் பேராசிரியர் என்றால் நான்கு. அக்கா போய்க் கேட்ட இடமெல்லாம் ஹவுஸ்ஃபுல். ஏற்கெனவே இருக்கிற யாராவது தீஸிஸ் கொடுத்துவிட்டு வெளியே போனால்தான் ஸீட் காலியாகும். கல்யாண வீட்டுப் பந்தியில் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்போமே, அதே கதை. இங்கே அவர் பாயசத்துக்கு வரவே ஐந்தாறு வருஷம் ஆகும்! அக்காவின் அதிர்ஷ்டம், ஒரு அம்மாவிடம் ஓர் இடம் காலியானது. ஜூலையில் பதிவு செய்தாள்.

அப்புறம் 'கோர்ஸ் வொர்க்'. 2016-ல் வந்த யு.ஜி.ஸி. விதிப்படி குறைந்தது 8 கிரெடிட், அதிகபட்சம் 16. அதிலும் 55 சதவிகிதம் எடுக்க வேண்டும். கிரெடிட் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஒரு பி.காம். காரனாக நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அப்போ டெபிட் எங்கேக்கா?"

"என் பாஸ்புக்ல" என்றாள்.

அந்த 2019 டிசம்பரில் யு.ஜி.ஸி. புதிதாக ஒரு பாடத்தையும் சேர்த்தது. 'ஆராய்ச்சி மற்றும் பிரசுர நெறிகள்' என்று 2 கிரெடிட். அதாவது பொய் சொல்லக் கூடாது, திருடக் கூடாது என்பதை சிலபஸ் போட்டுச் சொல்லிக் கொடுப்பது. "இதுக்கெல்லாம் ஒரு பரீட்சையா?" என்று நான் சிரித்தேன். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது சிரித்தவன் நான்தான்.

* * *

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன்னால் போய் நின்று, இதுவரை என்ன கிழித்தோம் என்று சொல்ல வேண்டும். நம் ஆபீஸ் அப்ரைஸல் வருஷத்துக்கு ஒரு தடவை. இது இரண்டு தடவை. இன்க்ரிமென்ட் கிடையாது.

அக்காவின் கேள்வி சின்னது. 'பசங்க ஏன் கணக்குன்னா பயப்படறாங்க?' அவ்வளவுதான். ஆனால் குழுவுக்குள் போய்விட்டு வெளியே வந்தபோது அது இப்படி ஆகியிருந்தது: 'திருநெல்வேலி மாவட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியரின் கணிதப் பதற்றம் - பாலினம், வாழிடம், பெற்றோரின் கல்வித் தகுதி மற்றும் பள்ளி வகை சார்ந்த ஓர் ஆய்வு'. மூச்சுப் பிடித்து ஒரே தடவையில் வாசித்தால் அதுவே ஒரு பிராணாயாமம்.

தலைப்பை டைப் அடித்து, கையெழுத்து வாங்கி, ஃபைலில் போட்டு... 22.11.2019 அன்று திருநெல்வேலி மாவட்டம் இரண்டாகி தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது! அக்கா லிஸ்ட் போட்டு வைத்திருந்த பள்ளிக்கூடங்களில் பாதி ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டன. தென்காசிக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள். அக்கா லிஸ்ட்டைக் கிழித்தாள். மறுபடி குழு, மறுபடி கையெழுத்து.

கேள்வித் தாள் தயாரிப்பது இன்னொரு தனிக் கலை. பரீட்சைக் கேள்வி மாதிரி இல்லை. வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'முழுவதும் ஒத்துக்கொள்கிறேன்' என்பதில் ஆரம்பித்து 'சுத்தமாக இல்லை' என்பது வரை ஐந்து கட்டங்கள். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். ரென்ஸிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர் 1932-ல் காட்டிக் கொடுத்த வழி. 'கரும்பலகைக்குக் கூப்பிட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்' என்று ஒரு வாக்கியம் போட்டால், எங்கேயோ தள்ளி 'கணக்கு பீரியட் எப்போது வரும் என்று காத்திருப்பேன்' என்று நேர் எதிராக இன்னொன்று போட வேண்டும். படிக்காமலே ஒரே பக்கமாக டிக் அடித்துத் தள்ளுகிறவர்களைப் பிடிக்கிற பொறி அது. பிறகு சின்ன அளவில் வெள்ளோட்டம் விட்டு, க்ரோன்பாக் என்பவர் 1951-ல் சொன்ன கணக்கைப் போட்டு, 0.7-க்கு மேலே வந்தால்தான் தாள் தேறும்.

ஆரம்பத்தில் எனக்குப் புரியாத இன்னொரு சமாசாரம் 'இன்மைக் கருதுகோள்'. 'ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கணக்குப் பயத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று ஆரம்பத்திலேயே எழுதி விட வேண்டுமாம். ஆதாரம் வலுவாக வந்தால் மட்டும் அதைத் தள்ளி விட வேண்டுமாம்.

"அதாவது, குற்றம் நிரூபணம் ஆகிற வரைக்கும் நிரபராதிங்கற மாதிரி" என்று அக்கா விளக்கினாள்.

அத்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "என் கேஸ்ல மட்டும் அவ அதை உல்ட்டாவா வெச்சிருக்கா, மாப்ளே."

வெள்ளோட்டம் முடிந்து தாள் தேறியது 2020 பிப்ரவரியில். மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பை 2021 பிப்ரவரியில் திறந்து மார்ச்சிலேயே மூடி, மறுபடி திறந்தது 2021 செப்டம்பர் முதல் தேதி. 'செல்போன்லயே கேட்டு முடிச்சிடுங்க மேடம்' என்று பல பேர் சொன்னார்கள். அக்கா மாட்டேன் என்று விட்டாள். "போன் இல்லாத பிள்ளைங்க தாள்ல வரவே மாட்டாங்களே. பயந்து போய் உக்காந்திருக்கறது ஒருவேளை அவங்களா இருந்தா?"

திறந்த பிறகும் உடனே உள்ளே விடவில்லை. அதற்கு ஸி.இ.ஓ. அனுமதி வேண்டும். ஸி.இ.ஓ. என்றதும் கோட், சூட், கண்ணாடி அறை என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் ஸி.இ.ஓ. என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். அவர் ஆபீஸ் கடிதத்தோடு போனால் ஹெச்.எம். சொல்வார்: "ஒண்ணரை வருஷப் பாடம் பாக்கி இருக்கு டீச்சர், ஒரு பீரியட் கூடத் தர முடியாது." அவர் சொல்வதிலும் தப்பில்லை. அக்காவே ஒரு டீச்சர், அவளால் சண்டை போடவும் முடியவில்லை. தன் பள்ளிக்கு ஸி.எல். போட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குப் போய்க் காத்து நிற்பாள். எத்தனை ஸி.எல். தான் போட முடியும்? வருஷங்கள் ஓடின.

இதற்கு நடுவே 2022 நவம்பரில் யு.ஜி.ஸி. புது விதிகள் போட்டது. பழைய விதியில் தீஸிஸ் கொடுக்கும் முன் ஒரு கட்டுரை பிரசுரமாக வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் பேச வேண்டும். புது விதியில் அந்தக் கட்டாயத்தையே எடுத்து விட்டார்கள். நான் இனிப்பு வாங்கிக்கொண்டு ஓடினேன். அக்கா ஒரு பத்தியைக் காட்டினாள். அதற்கு முன்பே பதிவு செய்தவர்களுக்குப் பழைய விதியே பொருந்தும்! இனிப்பை நானே சாப்பிட்டேன்.

(வீட்டில் யாராவது இப்போது சேரப் போகிறார்களா? 2022 விதியின் சுருக்கம்: கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட். குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவிகிதத்துக்கு மேல் ஊனம் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு, ஆகப் பத்து வரை போகலாம். நான்கு வருஷ டிகிரியில் 75 சதவிகிதம் எடுத்தவர்கள் நேரடியாகவே வரலாம். எந்த சப்ஜெக்ட்டில் பி.ஹெச்டி. செய்தாலும் பாடம் நடத்தவும் பழக வேண்டும். எம்.ஃபில். கிடையாது. 2024-25 முதல் 'நெட்' தேர்வு மார்க்கை வைத்தே பி.ஹெச்டி.க்குச் சேரவும் வழி செய்திருக்கிறார்கள். மார்க்குக்கு 70, இன்டர்வியூவுக்கு 30.)

* * *

இனி என் கதை. 2024 பிப்ரவரி.

எத்தனை பசங்களைக் கேட்டால் போதும் என்பதற்கு ஒரு அட்டவணை இருக்கிறது. க்ரெஸி, மார்கன் என்று இரண்டு பேர் 1970-ல் போட்டது. பத்து லட்சம் பேர் இருந்தாலும், ஒழுங்காகப் பொறுக்கி எடுத்தால் 384 பேர் போதும் என்கிறது. கல்வியியல் தீஸிஸ்களில் இந்த எண்ணுக்குக் குலதெய்வ அந்தஸ்து. அக்காவும் 384 என்றுதான் குழுவிடம் சொல்லியிருந்தாள்.

கொடுத்த தாள்கள் 400. திரும்பி வந்ததில், பாதியில் விட்டவை, ஒரே பக்கமாக டிக் அடித்தவை, சாம்பார் கொட்டியவை எல்லாம் கழித்து உருப்படியாகத் தேறியது 362. குறைவது 22.

திங்கட்கிழமை கைடு அம்மாவைப் பார்க்க வேண்டும். மார்ச் வந்தால் பொதுத் தேர்வு, ஏப்ரலில் ஒன்பதாம் வகுப்புக்கு முழுப் பரீட்சை. இனி எந்த ஹெச்.எம்.மும் உள்ளே விட மாட்டார். அக்கா ஸோபாவில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். ஐந்து வருஷமாக அவள் ஒரு தீபாவளிக்குக் கூட நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை ஸார்.

அன்று ராத்திரி பெட்டியிலிருந்து 22 வெற்றுத் தாள்களை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். கணக்கு டேலி ஆகாமல் விடுவேனா? தாளில் பெயர் கேட்கவில்லை. ஆண், பெண், கிராமம், நகரம், அப்பா அம்மா படிப்பு, அவ்வளவுதான். 11 பையன்கள், 11 பெண்கள். கிராமம் பாதி, நகரம் பாதி. மூன்று விதமான பேனா. சிலவற்றை இடது கையால் டிக் அடித்தேன். ஒரு தாளில் நிஜம் போலத் தெரியட்டும் என்று மிக்ஸர் எண்ணெயைக் கொஞ்சம் தடவினேன். எதிர் வாக்கியப் பொறி தெரியும் என்பதால் அதிலும் ஜாக்கிரதையாக மாற்றி அடித்தேன். 362 கூட்டல் 22. டேலி! கட்டுக்கு நடுவே அங்கங்கே சொருகிவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏலே, இங்க வா."

மேஜை மேல் 22 தாள்கள் தனியாக இருந்தன. ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல், அதே 22!

"எண்ணிக்கை எப்படி ஏறிச்சுன்னு பார்த்தேன். நிஜப் பசங்க தாளை நீ பார்த்திருக்கியா? ஒருத்தன் ஓரத்துல பூ வரைஞ்சிருப்பான். ஒருத்தி அடிச்சு அடிச்சுத் திருத்தியிருப்பா. பாதிப் பேர் முன்னுக்குப் பின் முரணா எழுதியிருப்பாங்க. பசங்க அப்படித்தான். இதுல ஒரு அடித்தல் இல்லை. கரும்பலகைக்குக் கூப்பிட்டா வயித்தைக் கலக்கும், முழுவதும் ஒத்துக்கொள்கிறேன். பேப்பர் திருத்திக் குடுக்கற அன்னிக்கு லீவு போடத் தோணும், முழுவதும் ஒத்துக்கொள்கிறேன். இருபத்திரண்டுலயும்."

நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

"இதுல இருபத்திரண்டு பசங்க இல்லடா. ஒரே ஒரு பையன்தான் இருக்கான். இருபத்திரண்டு தடவை எழுதியிருக்கான். அந்தப் பையனை எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும்.

2001, அரையாண்டு. ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் நூற்றுக்குப் பதினேழு. ரேங்க் கார்டை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தேன். நான்கு நாள் காய்ச்சல், மருந்துக்கு இறங்காத காய்ச்சல். டிரம்மில் கை விட்டு அதை எடுத்தது அக்கா. அப்போது பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அரிசியைத் தட்டிவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "கணக்கு வரலையா, பயமா இருக்கா?"

அது வரைக்கும் இரண்டும் வேறு வேறு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. முழுப் பரீட்சையில் 41 வாங்கினேன். (பிறகு பிளஸ் ஒன்னில் கணக்கே வேண்டாம் என்று காமர்ஸ் குரூப்புக்கு ஓடி, அங்கே அக்கவுன்டன்ஸி காத்திருந்ததைப் பார்த்தது தனி சோகம்.)

கல்வியியலில் எத்தனையோ தலைப்பு இருக்க, அக்கா ஏன் இதைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருஷமாக அலைகிறாள் என்பது மேஜை முன்னால் நின்றபோதுதான் என் மண்டையில் ஏறியது.

இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? "இருபத்திரண்டுதானேக்கா. ஆறு பெர்சென்ட் கூட வராது. காப்பியடிச்சாலே பத்து பெர்சென்ட் வரைக்கும் விட்டுடறாங்களே!"

இது உண்மை. 2018-ல் வந்த யு.ஜி.ஸி. விதி அது. மற்ற எழுத்தோடு ஒற்றுமை 10 சதவிகிதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தி எழுத வேண்டும். 60 வரை என்றால் ஒரு வருஷம் கொடுக்கவே முடியாது. அதற்கு மேல் பதிவே ரத்து. தற்செயலாக அடுத்தடுத்து 14 வார்த்தைகள் வரை ஒத்துப் போனால் கூட மன்னிப்பு உண்டு. எல்லாம் கம்ப்யூட்டர் பிடித்துக் கொடுத்து விடும்.

"அது வார்த்தைக்கு உள்ள கணக்கு. எவன் எழுதினதைத் திருடினாலும் மிஷின் பிடிச்சிடும். நீ பண்ணினதை எந்த மிஷினும் பிடிக்காது. ஏன்னா இது யார்கிட்டேயும் திருடலை, நீயா உண்டாக்கினது. அதனாலதான் இது மோசம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்தியே, சரக்கே வராம வவுச்சர் போட்டா அதுக்கு என்ன பேரு?"

"போகஸ்."

"இதுக்கும் அதே பேருதான். நாளைக்கு எவனாவது இதைப் படிச்சுட்டு, பசங்க பயத்துக்கு இதுதான் காரணம்னு வாத்தியார்களுக்குச் சொல்லிக் குடுப்பான். இல்லாத இருபத்திரண்டு பசங்க சொன்னதை நம்பி, இருக்கிற பசங்களுக்கு வைத்தியம் பார்க்கறதா?"

2 கிரெடிட் பாடத்தை அக்கா எனக்குப் பத்து நிமிஷத்தில் நடத்தி முடித்தாள்.

22 தாள்களையும் குறுக்கே கிழித்தாள். திங்கட்கிழமை கைடு அம்மாவிடம் போய், "362 தான் தேறியிருக்கு, டைம் வேணும்" என்றாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த அம்மாவும் நல்லவர், "காத்திருப்போம்" என்று சொல்லிவிட்டார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் போகலாம் என்றேன். "எட்டாவதுலேர்ந்து இப்பத்தான் வந்திருக்கும் பிள்ளைங்க. ஒன்பதாவது கணக்கு எப்படி இருக்கும்னே தெரியாது. காலாண்டுப் பரீட்சை முடியட்டும்." ஆக, அக்டோபர். இருபத்திரண்டு தாளுக்கு எட்டு மாதம்! அதற்குள் அவளோடு சேர்ந்த ஒருவர் பட்டம் வாங்கி சம்பள உயர்வும் வாங்கி விட்டார். ஆறு வருஷக் கெடு தாண்டி, பெண்களுக்கு உண்டான கூடுதல் இரண்டு வருஷத்தில் அக்கா கை வைக்க வேண்டி வந்தது. ஒவ்வொரு தடவை ஃபீஸ் கட்டும்போதும் எனக்கு மொட்டை மாடி ஞாபகம் வரும்.

அக்டோபரில் பிராயச்சித்தமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அம்பாசமுத்திரம் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு பள்ளி. அக்கா தாளைக் கொடுத்து விளக்கினாள். கடைசி பெஞ்சில் ஒரு பையன் வெகு நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"மிஸ்... உள்ளதை எழுதணுமா, நல்லதை எழுதணுமா?"

வகுப்பு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவன் பக்கத்தில் போய் நின்று சொன்னாள்: "உள்ளதை எழுதுப்பா. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

நான் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலை ரொம்ப அழகாக இருந்தது.

* * *

வாய்மொழித் தேர்வு எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். தீஸிஸை கைடு தவிர, அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்காத இரண்டு பேராவது படித்து மார்க் போட்டிருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது நேரில் வர வேண்டும். வந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு புரட்டினார். அம்மா முன் வரிசையில் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அத்தான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த 22 பேர்கிட்டே மட்டும் எட்டு மாசம் கழிச்சுத் தகவல் வாங்கியிருக்கீங்க. ஏன்?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. முழுவதும் ஒத்துக்கொள்கிறேன்.

அக்கா சொன்னாள்: "முதல் தடவை 362 தான் ஸார் தேறிச்சு. குறைஞ்சதை நேர்ல போய் வாங்க அவ்வளவு நாள் ஆச்சு. வேற வருஷத்துப் பசங்கங்கறதால வித்தியாசம் வருதான்னு தனியா சோதிச்சு, வரம்புகள் பகுதியில எழுதியிருக்கேன்."

அவர் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தார். தலையை ஆட்டினார். அடுத்த கேள்விக்குப் போனார். அவ்வளவுதான். எட்டு மாதத்துக்குக் கிடைத்தது ஒரு தலையாட்டல். ஆனால், போகஸ் தாள் உள்ளே இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது, பாருங்கள்! யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அக்கா மட்டும் ஆயுசு பூராவும் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

55 சதவிகிதம், 8 கிரெடிட், ஆறு வருஷம், 0.7, 384, 10 சதவிகிதம்... நிபந்தனைகள் எல்லாமே எண்கள்தான். ஒன்றைத் தவிர. அதற்கு எண் கிடையாது, ஃபாரம் கிடையாது, கையெழுத்து வாங்க வேண்டிய ஆபீஸரும் கிடையாது. மொட்டை மாடியில் யாரும் பார்க்காதபோது நடக்கிற பரீட்சை அது. அதில் நான் ஃபெயில். அக்கா பாஸ்.

தீஸிஸை பைண்டிங்கிலிருந்து வாங்கி வந்தவன் நான்தான். நன்றியுரைப் பக்கத்தில் கைடு, ஹெச்.எம்.கள், அத்தான், அம்மா எல்லோரும் இருந்தார்கள். என் பெயர் இல்லை. நியாயம்தான் என்று மூடப் போனேன். கடைசியில் தனியாக ஒரு வரி:

'கணக்கில் சேராத 385-வது மாணவனுக்கு.'

"யாருடி அது?" என்றாள் அம்மா. அக்கா பதில் சொல்லவில்லை. நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

அப்போதுதான் எதிர்வீட்டுத் தாத்தா மறுபடி தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை முழங்காலைத் தடவவில்லை. அவர் வேட்டிக்குப் பின்னால் பேரன் பதுங்கியிருந்தான். ஒன்பதாம் வகுப்பு.

"ஏம்மா, இவனுக்குக் கணக்குப் பரீட்சைன்னா காய்ச்சல் வருது. நிஜமாவே உடம்பு சுடுது. இதுக்காவது நீ பார்ப்பியா?"

அக்கா தீஸிஸை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க தாத்தா. இதுக்குத்தான் இத்தனை வருஷம் படிச்சேன்."